பத்து வருசத்துக்கு ஒரு கார்: சிங்கப்பூர் ஏலமும் சித்தப்பாவின் விட்ஸும்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறபட்ட கிழமை எங்கட வீட்டில் சித்தப்பாவின் விட்ஸ் காரைப் பற்றிப் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. அவர் அதை லீசிங்கில் எடுத்தவர். பல வருசம் ஓடி, இரண்டு தரம் பம்பர் மாற்றி, ஏசியும் ஒழுங்காக வேலை செய்யாத அந்தக் காருக்கு 2022இல் ஒரு ஆள் வந்து, வாங்கின விலையின் இரண்டு மடங்குக்கு மேல் தாறன் எண்டு கேட்டிருக்கிறார். சித்தப்பா குடுக்கவில்லை. இன்னும் ஏறும் எண்டு இருந்திட்டார். இப்ப இறக்குமதி திறந்தாச்சு, விலை விழப்போகுது எண்டு அவருக்கு நித்திரை இல்லை.

சிங்கப்பூரில் வேலை செய்கிற அக்கா, சித்தப்பாவின் மூத்த மகள், அந்த நேரம் போனில் இருந்தா. "அப்பா, இஞ்ச கார் வாங்கிறதுக்கு முதல் கார் வாங்கிற உரிமையை ஏலத்தில எடுக்கவேணும். அதுவும் பத்து வருசத்துக்குத்தான். உரிமைக்கு மட்டும் ஒரு லட்சம் டொலர் போகுது" என்றா. சித்தப்பா உடனே, "அதாலதான் அங்க ரோட்டு வெறிச்செண்டு கிடக்கு. இஞ்சயும் அதைக் கொண்டுவந்தா நான் வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்குப் போக இந்தப் பாடு படத் தேவையில்லை" என்றார். அக்கா சிரிச்சா. "அந்த ஏலத்தில எடுக்க உங்களிட்டக் காசு இருக்கோ?"

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. சித்தப்பாவும் அக்காவும் ஒரே விசயத்தைக் கதைக்கிற மாதிரி இருந்தாலும் அங்கே இரண்டு வேறு கேள்விகள் இருந்தன. கார் விலை ஏன் ஏறுகிறது என்பது ஒன்று. வீதி ஏன் அடைபடுகிறது என்பது மற்றது. சிங்கப்பூரின் ஐம்பது வருச வரலாறே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பிறகு மெல்ல மெல்லப் பிரித்தெடுத்த கதைதான்.

சிங்கப்பூர் என்றதும் எல்லாம் பிறக்கும்போதே ஒழுங்காகப் பிறந்தது என்ற நினைப்பு எங்கட ஆக்களுக்கு இருக்கிறது. 1960களின் சிங்கப்பூர் வீதி அப்படி இருக்கவில்லை. சின்னச் சின்னச் சீன பஸ் கொம்பனிகள் பலது தங்கள் தங்கள் பாதையில் ஓடின. நேரசூசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத ‘கள்ள டாக்சிகள்’ பஸ் தரிப்பிடங்களில் ஆட்களை அள்ளின. எங்கட தனியார் பஸ்களில் ‘ஏறுங்கோ ஏறுங்கோ’ சத்தம் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி புதிதாக இராது. 1970இல் கள்ள டாக்சிகளைத் தடை செய்தார்கள். அந்த ஓட்டுநர்களுக்கு வேலை வேண்டும் என்று தொழிற்சங்கப் பேரவை கம்ஃபோர்ட் என்ற டாக்சிக் கூட்டுறவைத் தொடங்கியது. பஸ் கொம்பனிகளை ஒன்றோடொன்று இணைத்து இணைத்து 1973இல் சிங்கப்பூர் பஸ் சேர்விசஸ் என்ற ஒரே நிறுவனம் ஆக்கினார்கள். காருக்கு நகரத்துக்குள் நுழையக் கட்டணம் வைக்க முதல் பஸ்ஸில் கைவைத்தார்கள் என்பதை இந்த இடத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம், பிறகு தேவைப்படும்.

கார் பக்கம் முதலில் வந்தது வரி. இறக்குமதித் தீர்வை ஒரு பக்கம், அதற்கு மேல் ‘கூடுதல் பதிவுக் கட்டணம்’ என்று இன்னொன்று. இந்தக் கட்டணம் காரின் இறக்குமதி மதிப்பில் ஒரு வீதம். 1975இல் அது 100 வீதம். 1983இல் 175 வீதம். அதாவது 10,000 டொலருக்கு வந்து இறங்கிய காருக்கு இந்த ஒரு கட்டணமே 17,500 டொலர். இவ்வளவு போட்டால் ஆட்கள் பழைய காரையே வைத்து இழுத்துக்கொண்டிருப்பார்கள்தானே. அதனால் பத்து வயதுக்குள் பழைய காரை அழித்துவிட்டுப் புதிது எடுப்பவர்களுக்குக் கட்டணக் குறைப்பு ஒன்றையும் 1975இல் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூர் வீதியில் பழைய கார் காணாமல் போனதற்கு இந்தச் சலுகை ஒரு முக்கிய காரணம். எங்கட ஊரில் ஏ40உம் மொரிஸ் மைனரும் எண்பதுகள், தொண்ணூறுகள் தாண்டியும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஓடியதும் ஒரு கணக்கில் இதே கதையின் மறுபக்கம். புதுசு வரவழியில்லை என்றால் பழசுக்குச் சாவே இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் அதே கார்களைப் பெற்றோல் துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எங்கட பெரியப்பா இப்பவும் அந்தப் புகை மணத்தைப் பற்றிக் கதைப்பார்.

வரி மட்டும் போட்டு நெரிசல் குறையாது என்று அறிஞர்கள் அதற்கு முதலே சொல்லியிருந்தார்கள். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1959இலேயே வொஷிங்டன் நகரத்துக்கு ஒரு யோசனை வைத்தார். நெரிசல் நேரத்தில் நெரிசலான வீதிக்குள் வருகிற வாகனத்தை இலத்திரனியல் முறையில் அடையாளம் கண்டு காசு அறவிடலாம் என்றார். ஆட்கள் அதைக் கனவு என்று விட்டுவிட்டார்கள். (1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாளில் மனுசன் இறந்துவிட்டார்.) 1964இல் இங்கிலாந்தில் ரூபன் ஸ்மீட் தலைமையில் ஒரு குழுவும் அதையே அறிக்கையாக எழுதியது. லண்டன் அதைச் செய்ய 2003 வரை எடுத்தது. சிங்கப்பூர் 1975இலேயே செய்தது, அதுவும் எந்த இலத்திரனியலும் இல்லாமல், கடதாசியால்.

1975 ஜூன் 2ஆம் திகதி நகர மத்தியைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். காலை 7.30 தொடக்கம் 9.30 வரை அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரும் கார் ஒரு அனுமதிச் சீட்டை முன் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். நாளுக்கு 3 டொலர், மாதத்துக்கு 60 டொலர். ஓட்டுநரோடு சேர்த்து நாலு பேர் இருந்தால் காசு இல்லை. நுழைவாயில்களில் ஆட்கள் நின்று கண்ணால் பார்த்து, சீட்டு இல்லாத காரின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே வந்த வாகனங்கள் 40 வீதத்துக்கு மேல் குறைந்தன. எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கையைவிட அதோடு வந்த சில்லறைச் சம்பவங்கள். ஆட்கள் 7.30க்கு முதலே உள்ளே புகுந்தார்கள். இல்லாவிட்டால் 9.30 மட்டும் வெளியே காத்து நின்று பிறகு ஒரேயடியாக உள்ளே வந்தார்கள். அதனால் சில கிழமைகளிலேயே நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டி வந்தது. நாலு பேர் கணக்கைச் சரிக்கட்டக் காரோட்டிகள் பஸ் தரிப்பிடத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்கு நின்றவருக்கு இலவசப் பயணம், காரோட்டிக்கு 3 டொலர் மிச்சம். அரசாங்கம் நகரத்துக்கு வெளியே பெரிய வாகனத் தரிப்பிடங்கள் கட்டி, ‘காரை இங்கே விட்டிட்டு பஸ்ஸில் போங்கோ’ என்றது. அவை வெறுமையாகக் கிடந்தன. காரில் ஏறி இருந்த ஒருவன் பாதி வழியில் இறங்கி பஸ்ஸுக்கு மாறமாட்டான் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

இன்னொரு பிழையும் நடந்தது. காலையில் உள்ளே வருகிற கார் குறைந்தால் பின்னேரம் வெளியே போகிற காரும் தானாகக் குறையும் என்று திட்டமிட்டவர்கள் நம்பினார்கள். குறையவில்லை. காலையில் காசுக்காக நகரத்தைச் சுற்றிப் போனவர்கள் பின்னேரம் காசில்லை என்பதால் நேராக நகரத்துக்குள்ளால் வீட்டுக்குப் போனார்கள். இதைத் திருத்த 1989 வரை எடுத்தது. அந்த வருசம்தான் பின்னேரத்துக்கும் கட்டணம் வந்தது. மோட்டார் சைக்கிளும் லொறியும் அதற்குள் வந்தன. நாலு பேர் சலுகையும் போனது.

அதற்கிடையில் 1987 நவம்பரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆட்களிடம் காசும் சேர்ந்துவிட்டது. 1985 மந்தத்தில் கொஞ்சம் அடங்கிய கார் விற்பனை அதற்குப் பிறகு திரும்ப ஏறியது. 175 வீதம் போட்டும் வாங்குகிறார்கள் என்றால் இனி எத்தனை வீதம் போடுவது? 200? 300? வரியின் பலவீனம் இதுதான். நீங்கள் விலையைத் தீர்மானிக்கலாம், எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதைத் தீர்மானிக்க முடியாது. எண்ணிக்கையைத் தீர்மானித்தால் விலை உங்கள் கையை விட்டுப் போய்விடும். மார்ட்டின் வைட்ஸ்மன் என்ற பொருளியலாளர் 1974இல் எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்று இந்தத் தெரிவைப் பற்றியதுதான். சிங்கப்பூர் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று இதை ஆராய்ந்தது. 1990 மே மாதம் எண்ணிக்கையின் பக்கம் சாய்ந்த முறை நடைமுறைக்கு வந்தது.

அதன் பெயர் வாகன உரிமைச் சான்றிதழ். அங்கே ‘சிஓஇ’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகையிலும் அப்படித்தான் வருகிறது. அரசாங்கம் இத்தனை வாகனம்தான் என்று ஒரு தொகை அறிவிக்கும். எத்தனை பழைய வாகனம் அழிபடுகிறதோ, அதோடு அனுமதிக்கப்பட்ட வளர்ச்சியைக் கூட்டினால் வருவது அந்தத் தொகை. வேண்டியவர்கள் விலை எழுதிப் போட வேண்டும். 1,000 சான்றிதழ் இருந்தால் கூட விலை எழுதிய 1,000 பேருக்குக் கிடைக்கும். ஆனால் கட்டுகிற காசு எல்லாருக்கும் ஒன்று, தொடக்கத்தில் அது வென்றவர்களில் ஆகக் குறைய எழுதியவரின் விலை. சான்றிதழ் பத்து வருசத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு காரை அழிக்க வேண்டும், அல்லது அந்த நேரத்துச் சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

தொடக்கத்தில் சான்றிதழை இன்னொருவருக்குக் கைமாற்றலாம் என்று விட்டிருந்தார்கள். உடனே கார் வாங்குகிற எண்ணமே இல்லாதவர்களும் ஏலத்தில் குதித்தார்கள், எடுத்து விற்க. 1991இல் பெரும்பாலான வகைகளுக்கு அந்தக் கைமாற்றத்தை நிற்பாட்டினார்கள். வாசிக்கும்போது எனக்கு எங்கட அரச உத்தியோகத்தர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கிடைத்த தீர்வைச் சலுகைப் ‘பெர்மிட்’ ஞாபகம் வந்தது. பத்திரிகையில் வரி விளம்பரம் போட்டு பெர்மிட் விற்ற நாடு எங்கட நாடு. சிங்கப்பூர் ஒன்றரை வருசத்தில் மூடின ஓட்டையை நாங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரி ஆக்கி வைத்திருந்தோம்.

சரி, விலை என்ன ஆனது?

1994 டிசெம்பரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 110,500 டொலர் போனது. 2008 நவம்பரில், உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்ட நேரம், சின்னக் கார் சான்றிதழ் 2 டொலருக்குப் போனது. இரண்டு டொலர்தான், எழுத்துப் பிழை இல்லை. சான்றிதழை விட அண்டைக்குச் சாப்பிட்ட சாப்பாடு விலை கூட. 2023 ஒக்டோபரில் சின்னக் கார் 106,000, பெரிய கார் 150,001. அந்த நேரம் ஒரு புது டொயோட்டா கேம்ரி எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் சிங்கப்பூர் டொலர்.

அதே ஊர், அதே முறை. ஏன் இப்படித் தாவுது? எண்ணிக்கையை இறுக்கிப் பிடித்தால், கார் வாங்குபவன் மொத்தமாக எவ்வளவு குடுக்கத் தயாரோ அந்தத் தொகையில் மற்றச் செலவெல்லாம் போக மிஞ்சுவது சான்றிதழ் விலையாக மாறும். அதனால் அரசாங்கம் வரியைக் குறைத்தாலும் வாங்குபவனுக்கு லாபம் வராது, சான்றிதழ் ஏறும். வியாபாரி காரின் விலையைக் குறைத்தாலும் சான்றிதழ் ஏறும். வங்கி லேசாகக் கடன் குடுத்தால் இன்னும் ஏறும். 2003இல் கார்க் கடனுக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 2013இல் திரும்பப் போட்டார்கள். அதே 2013இல் கட்டணத்தையும் படிப்படியாக்கி, விலை கூடின காருக்குக் கூட வீதம் வைத்தார்கள்.

இன்னொரு விசயம், பிள்ளைப்பேறு மாதிரி ஒரு சுற்று. ஒரு காலத்தில் நிறையச் சான்றிதழ் விட்டால் அந்தக் கார்கள் எல்லாம் பத்து வருசத்துக்குப் பிறகு ஒன்றாகச் சாகும், அப்ப நிறையச் சான்றிதழ் வரும். குறைய விட்ட காலத்துக்குப் பத்து வருசம் கழித்து வறட்சி. 2000களின் நடுவில் தாராளமாக விட்டார்கள், அதன் அலை 2010களின் நடுவில் வந்தது. இடையில் மாட்டினவன் கூடக் கட்டினான். அவன் செய்த பிழை, பிழையான வருசத்தில் பிள்ளை பிறந்ததும் அம்மாவுக்கு நோய் வந்ததும். 2023இல் நிலப் போக்குவரத்து ஆணையம் வரப்போகிற செழிப்பான வருசங்களில் இருந்து கொஞ்சத்தை முன்னுக்கு இழுத்து வறட்சி வருசங்களில் விட்டது. முப்பது வருசத்துக்குப் பிறகாவது செய்தார்களே என்று சொல்லலாம்.

வளர்ச்சி வீதத்தையும் இறுக்கிக்கொண்டே வந்தார்கள். 1990இல் வருசத்துக்கு 3 வீதம். 2009இல் 1.5. பிறகு 1, 0.5, 0.25. 2018 பெப்ரவரி தொடக்கம் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பூச்சியம். ஒரு கார் வர ஒரு கார் போக வேண்டும். அந்தத் தீவின் நிலத்தில் சுமார் 12 வீதம் ஏற்கெனவே வீதி, வீடுகளுக்கு 14 வீதம்தான் என்பது அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. அதைக் கேட்ட பிறகு வாதாடுவது கஷ்டம்.

ஆனால் சித்தப்பாவின் கேள்வி விலை இல்லையே. ரோட்டு வெறிச்செண்டு கிடக்குதா என்பதுதானே.

ஒரு லட்சம் டொலர் கட்டி உரிமை எடுத்த ஆளின் இடத்தில் இருந்து யோசியுங்கள். காசு கட்டியாச்சு. பத்து வருசம் ஓடிக்கொண்டிருக்கிறது. காரை வீட்டில் நிற்பாட்டி வைத்தால் ஒவ்வொரு நாளும் நட்டம் மாதிரித் தெரியும். சாமான் வாங்கப் பக்கத்துக் கடைக்கும் அந்தக் காரில்தான் போவான். உரிமைக்கு விலை வைப்பது எத்தனை கார் இருக்கும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. அந்தக் கார் காலை எட்டு மணிக்கு எந்தச் சந்தியில் நிற்கும் என்பதை அது தொடுவதே இல்லை. சொல்லப்போனால் ஓடச் சொல்லித் தூண்டுகிறது. சிங்கப்பூர் ஆட்களே இதை நல்லா விளங்கி வைத்திருந்தார்கள். 1991இலேயே சிவப்பு இலக்கத்தகடு போட்ட ‘வார இறுதிக் கார்’ ஒன்றைக் கொண்டுவந்தார்கள், கட்டணம் குறைவு, வேலை நாளில் நெரிசல் நேரத்தில் ஓட முடியாது.

உண்மையான பதில் 1998 செப்டெம்பரில் வந்தது. கடதாசிச் சீட்டை எடுத்துவிட்டு மின்னியல் சாலைக் கட்டணம். வீதிக்கு மேலே வளைவு, காருக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதில் காசு அட்டை. வளைவுக்குக் கீழால் போகும் ஒவ்வொரு முறையும் காசு கழியும். முந்தி ஒரு சீட்டு எடுத்தால் அந்த நாள் முழுக்க எத்தனை தரமும் உள்ளே வரலாம். இப்ப ஒவ்வொரு தரமும் காசு. அந்த மாற்றத்திலேயே மத்தியில் வாகனங்கள் இன்னும் 10 தொடக்கம் 15 வீதம் குறைந்தன. எனக்கு இதில் மிகவும் நேர்மையாகப் பட்டது கட்டணத்தைத் தீர்மானிக்கும் விதம். நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 45 தொடக்கம் 65 கிலோமீற்றருக்குள், நகர வீதியில் 20 தொடக்கம் 30க்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு. வேகம் விழுந்தால் கட்டணம் ஏறும், வீதி வெறுமையாக இருந்தால் இறங்கும், சில நேரம் பூச்சியமாகும். எதற்காகக் காசு எடுக்கிறோம் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒருவரும் ‘வருமானத்துக்காக’ என்று எளிதில் குற்றம் சொல்லமுடியாது. (சொல்லுவினம், அது வேற.)

2024 ஒக்டோபரில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. புதுச் செய்மதி முறை வந்துகொண்டிருப்பதால், பாவனைக்குக் கட்டணம் வைப்பது இன்னும் நுணுக்கமாக முடியும், ஆகவே வரும் வருசங்களில் 20,000 வரை மேலதிகச் சான்றிதழ் விடலாம் என்றது ஆணையம். முப்பத்தைந்து வருசம் உரிமையை இறுக்கிப் பிடித்தவர்கள், பாவனையை அளக்க முடிந்ததும் உரிமையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இந்த அறிவிப்பை வாசித்தபோதுதான் எனக்கு முழு வரலாறும் ஒரு கோட்டில் தெரிந்தது.

இதை வாசித்துவிட்டு ‘நல்ல முறைதானே’ என்று எழுந்து போக முடியாது. ஏலம் யாரிடம் காசு இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கும், யாருக்குத் தேவை என்று பார்க்காது. சின்னக் கார் வகை சாதாரணக் குடும்பத்துக்கு என்று 1,600 சிசி எல்லை போட்டு வைத்தார்கள். ஐரோப்பியக் கொம்பனிகள் சின்ன எஞ்சினில் ஆடம்பரக் கார் செய்யப் பழகியதும் பணக்காரர்கள் அந்த வகைக்குள் வந்து விலையை ஏற்றினார்கள். அதனால் 2014 தொடக்கம் எஞ்சின் வலு 97 கிலோவாட்டுக்குள் இருக்கவேண்டும் என்றும் சேர்க்க வேண்டியதாயிற்று. 2022இல் மோட்டார் சைக்கிள் சான்றிதழே 10,000 டொலரைத் தாண்டியது. சைக்கிளைவிடச் சான்றிதழ் விலை கூட. சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற பெடியன்தான் அங்கே மோட்டார் சைக்கிள் ஓடுகிறான். கைக்குழந்தை உள்ள தாய்க்கு, நடக்கமாட்டாத தகப்பனை வைத்திருப்பவருக்கு, தனிப் பங்கு ஒதுக்கலாமா என்று அங்கே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். யாருக்கு எவ்வளவு தேவை என்று ஒரு உத்தியோகத்தர் எப்படித் தீர்மானிப்பது என்பது அரசாங்கத்தின் பதில். எனக்கு அந்தப் பதில் முழுக்கத் திருப்தி இல்லை. ஆனால் பெர்மிட் நாட்டில் வளர்ந்தவன் என்பதால் அந்தப் பயமும் விளங்குது.

ஏலம் வேண்டாம் என்றால் குலுக்கல் இருக்கிறது. பீஜிங் 2011 ஜனவரியில் அதைத் தொடங்கியது, முதல் வருசம் 240,000 இலக்கத்தகடு, அதிர்ஷ்டம் உள்ளவனுக்கு. அறிவிப்பு வந்ததும் டிசெம்பரில் ஆட்கள் கார்க் கடைகளை மொய்த்தார்கள். பிறகு இலக்கத்தகடு உள்ள ஆளைக் கலியாணம் கட்டி, தகட்டை மாற்றி, விவாகரத்து எடுக்கிற வியாபாரமே நடந்தது. ஷங்காய் ஏலத்தில் விற்றது, ஆட்கள் பக்கத்து மாகாணத்தில் பதிந்து ஓடினார்கள். காசைக் கேட்டாலும் அதிர்ஷ்டத்தைக் கேட்டாலும் மனுசர் ஒரு வழி கண்டுபிடிப்பினம்.

இனி எங்கட பக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், கிட்டத்தட்ட ஐந்து வருசம். அதுவும் ஒரு எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான், வளர்ச்சி பூச்சியம், சிங்கப்பூர் 2018இல் செய்த அதே பூச்சியம். காரணம் வேறு, நெரிசலைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை, டொலர் இல்லை. விலை சிங்கப்பூரில் போலவே துள்ளியது. ஒரேயொரு பெரிய வித்தியாசம். அங்கே தட்டுப்பாட்டால் வருகிற மேலதிகக் காசு ஏலத்துக்குள்ளால் திறைசேரிக்குப் போகிறது. இங்கே அது ஏற்கெனவே கார் வைத்திருந்தவரின் கையில் விழுந்தது. அரசாங்கத்துக்கு வந்துகொண்டிருந்த இறக்குமதி வரியும் போனது. இதை நான் சொன்னபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்திட்டுது. "நானோ தடையைப் போட்டனான்?" இல்லைத்தான். ஆனால் 2019இல் கார் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த, ஆசிரியை வேலை செய்கிற என்ர மச்சாளின் கணக்கில் அது இன்னொரு மாதிரித் தெரியும். அவ இப்பவும் 100ஆம் இலக்க பஸ்ஸில்தான் போறா.

நெரிசல் குறைந்ததா? புதுக் கார் ஒன்றும் வராத அந்த வருசங்களில், பெற்றோல் கிடைத்த காலமெல்லாம், காலி வீதி அதே காலி வீதிதான். குறைந்தது 2022 நடுப்பகுதியில். பிறகு கியூஆர் வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த மாதங்களில் நான் வெள்ளவத்தையில் இருந்து கோட்டை வரை சைக்கிளில் போனேன், கடற்காற்று முகத்தில் அடிக்க, அரைமணித்தியாலத்துக்குள். அது எப்படி வந்த வெறுமை என்பதை மறக்க முடியாது. எண்ணெய் வரிசையில் நின்று செத்த மனுசர் இருக்கினம், வேலை போன ஓட்டோக்காரர் இருக்கினம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கார்களின் எண்ணிக்கை ஒன்றும் மாறாமலேயே வீதி வெறுமையானது, ஓடுவதற்கு அளவு வைத்ததால். 2023 செப்டெம்பரில் கியூஆரை எடுத்தார்கள். திரும்ப நிரம்பியது.

எங்கட வரியும் அப்படித்தான். எஞ்சின் சிசிக்கும் மதிப்புக்கும் வரி, சுங்கத்துக்கு வருமானம், டொலருக்குக் காவல். நெரிசல் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. மாலபேயில் இருந்து கோட்டைக்கு ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயிலை 2020 செப்டெம்பரில் ரத்துச் செய்தார்கள். முதலில் குறித்து வைக்கச் சொன்ன 1973ஆம் ஆண்டு பஸ் விசயம் இங்கேதான் தேவைப்படுகிறது. கொழும்பில் நாளைக்கே சிஓஇ வந்தால், தோற்றவன் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? மிதிபலகையில் ஒரு கால் வைக்க இடம் இருந்தால் அது பெரிய காரியம். சிங்கப்பூரிலும் 1975இல் பஸ் ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேணும். ஆனால் அது திருந்திக்கொண்டு இருந்தது, ஆட்களுக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது.

அக்கா போன மாதம் வந்து நின்றவ. அவவுக்கு அங்கே கார் இல்லை, அந்த ஊரில் மூன்றில் ஒரு குடும்பத்திடம் தான் கார் இருக்கிறது. "எனக்குத் தேவைப்படேல்ல, மழை நாளில மட்டும் மனம் சொல்லும்" என்றா. சித்தப்பா விட்ஸை இன்னும் விற்கவில்லை. அக்காவைக் கட்டுநாயக்காவில் இருந்து அதில்தான் கூட்டிக்கொண்டு வந்தார், ஏசி இல்லாமல், கண்ணாடி இறக்கி. அதிவேகப் பாதை முடிகிற இடத்தில் இருந்து வெள்ளவத்தை வந்து சேர, விமான நிலையத்தில் இருந்து கொழும்பு வரை வந்த நேரத்தைவிடக் கூட எடுத்ததாம்.